கலங்கல் குடம்

மூன்று நாடுகள், ஒரே ஆறு. மலையடியில் இருந்ததைத் தலைநாடு என்றார்கள். நடுவில் இருந்தது இடைநாடு. கடலோரத்தில் இருந்தது கடைநாடு. செப்பேட்டில் எழுத வேறு பெரிய பெயர்களும் இருந்தன. ஜனங்களுக்கு அதெல்லாம் எதற்கு? தண்ணீர் யாருக்கு முதலில் வருகிறது, யாருக்குக் கடைசியில் வருகிறது என்று தெரிந்தால் போதாதா.

ஆறு வளைந்து திரும்பும் ஓரிடத்தில் மூன்று எல்லைகளும் வந்து கூடும். அங்கே ஒரு பெரிய தட்டைக் கல் கிடந்தது. முச்சந்திக்கல் என்பார்கள். அந்தக் கல்லில் வருஷா வருஷம் ஆனி கடைசி வெள்ளியன்று, ஆடி விதைப்புக்கு முன்னால், குடம் வைப்பார்கள்.

குடம் வைப்பது என்றால் இதுதான். ஒவ்வொரு நாடும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர வேண்டும். நாட்டிலேயே மோசமான கிணறு எதுவோ, அதிலிருந்து. குடம் சுமந்து வந்த மூன்று பேரும் மற்ற இரண்டு குடங்களிலிருந்தும் மும்மூன்று வாய் குடிக்க வேண்டும். சேறு தட்டினால் அந்த நாட்டில் ஏரி வற்றிவிட்டது. உப்புக் கரித்தால் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. நாக்குக்குத் தெரியாததா? எந்தக் குடம் மோசமோ அந்த நாட்டு மாடுகளை மற்ற இரண்டு நாடுகளும் தங்கள் புல்லில் விட்டுக்கொள்ளும். நெல் விதைப்பதா, வரகு விதைப்பதா என்று மூன்று நாட்டாரும் அங்கேயே உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். ஏற்பாடு செய்தவர்கள் நாலு பஞ்சத்தைப் பார்த்து நொந்தவர்களாக இருக்க வேண்டும்.

பிறகு இடைநாட்டு ராஜா ஒருவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் நம் வீட்டுச் சேற்றையா கொண்டுபோய் வைப்பது என்றார். அந்த வருஷம் அரண்மனைக் கிணற்றிலிருந்து தண்ணீர் வந்தது, தெளிவாக, பளிங்கு மாதிரி. மற்ற இரண்டு ராஜாக்களும் சும்மா இருப்பார்களா? அடுத்த வருஷம் மூன்று குடமும் அரண்மனைக் குடம். அதற்கடுத்த வருஷம் வெட்டிவேர் போட்டார்கள். அப்புறம் பச்சைக் கற்பூரம், பட்டுத்துணி, அரக்கு முத்திரை, மேளதாளம். யார் தண்ணீர் தித்திப்பு என்று பரிசு கொடுக்கவும் ஆரம்பித்தாயிற்று. வழக்கம் அப்படியே இருந்தது. குடம் இருந்தது, கல் இருந்தது, மூன்று வாய் குடிப்பதும் இருந்தது. நாட்டில் தண்ணீர் இருக்கிறதா என்பது மட்டும் அந்தக் கல்லில் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

இந்தக் கதை நடந்த வருஷம் தலைநாட்டுக் குடத்தைச் சுமந்து வந்தவன் சேந்தன். தலைநாட்டுப் பெருமடையைத் திறப்பதும் அடைப்பதும் அவன் வேலை. வயது அறுபத்தொன்று. அந்த வயதுக்காரரை 'அவன்' என்பது மரியாதை இல்லைதான். ஆனால் குருவின் முன்னால் அவன் தன்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டான், அதனால் நாமும் அப்படியே சொல்வோம்.

குரு அவனைவிடப் பத்தொன்பது வயது இளையவர். கல்லுக்குக் கால் காத தூரத்தில், மூன்று நாட்டு வழிகளும் சேரும் இடத்தில், தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. பந்தலம்மை என்பார்கள். அந்தப் பந்தலில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. வந்தவரை எந்த நாடு என்று கேட்கக் கூடாது. ஒருவர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. அந்த இரண்டும் இருந்ததால்தான் மூன்று ராஜாக்களும் அந்தப் பந்தலைப் பிடுங்கிப் போடாமல் விட்டு வைத்திருந்தார்கள்.

சேந்தன் வந்து சேர்ந்தபோது நல்ல உச்சி வெயில். மேளக்காரர்கள் பின்னால் புளியமரத்தடியில் விழுந்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாலு நாள் நடை.

"குடத்தை இறக்கி வைங்க பெரியவரே."

"கல்லுலதாம்மா இறக்கணும். உத்தரவு."

"உத்தரவு போட்டவங்க தலையிலயா இருக்கு?"

சேந்தன் இறக்கி வைத்தான். கழுத்து திரும்பவில்லை. அப்படியே பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்தான். அம்மை ஓலைப்பட்டையில் தண்ணீர் கொடுத்தார். பாதிப் பட்டைதான் இருந்தது.

"இவ்வளவுதானாம்மா?"

"இன்னும் ஆள் வருவாங்க."

பந்தலின் ஓரத்தில் ஆடு மேய்க்கும் இடைச்சி ஒருத்தி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். காலியாகத்தான் இருந்தது.

சேந்தன் தன் பட்டையில் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை அவளிடம் நீட்டினான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க. பதினோரு வருஷமா கேட்டுட்டுத்தானே இருக்கீங்க."

அவன் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தான். அவிழ்த்தான். ஒரு பிடி விதைநெல்.

"மருதி அனுப்பிச்சா."

"என்ன சொல்லி அனுப்பிச்சா?"

"ஒண்ணும் சொல்லல. உப்பு விக்கிறவர்கிட்ட குடுத்து விட்டிருக்கா. எங்கப்பாகிட்ட குடுங்கன்னுகூடச் சொல்லலையாம். பெருமடைக் காவலாள்கிட்ட குடுங்கன்னாளாம்."

மருதி அவன் ஒரே மகள். கடைநாட்டில் வாழ்க்கைப்பட்டவள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு வறட்சி. அப்போதும் குடம் சுமந்தவன் சேந்தன்தான். ஏரி வற்றிக் கிடப்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் அரண்மனைத் தண்ணீரைச் சுமந்துபோய்க் கல்லில் ஊற்றினான். மருதி முன்வரிசையில் நின்று பார்த்தாள். அப்பா கையால் ஊற்றிய தண்ணீர் அல்லவா. வீட்டுக்குப் போய்க் குதிரில் இருந்த அத்தனை விதையையும் வயலில் போட்டாள். தலைநாட்டில் இருந்தால் தண்ணீர் கீழே வராமலா போகும்? நெல் ஒரு சாண் வளர்ந்து கருகியது. தை மாதம் சாப்பிட ஒன்றும் இல்லை. மாசியில் அவள் மகன் செத்துப்போனான். இரண்டரை வயது. சேந்தனுக்குப் பங்குனியில்தான் தெரியும். அவன் போனபோது அவள் கதவைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து பேச்சு இல்லை.

அங்கிருந்து திரும்பி வருகிற வழியில்தான் இந்தப் பந்தலில் உட்கார்ந்தான். நாலு மாதம் அங்கிருந்து போகவில்லை. தொட்டி கழுவினான், தண்ணீர் மொண்டான், சாப்பாடு கொடுத்தால் சாப்பிட்டான். அப்படித்தான் சீடன் ஆனான்.

"விதைக்கலாமான்னு கேக்கிறாம்மா."

"பெருமடையில எவ்வளவு நிக்குது?"

"ஏழாம் படி வெளிய தெரியுது. இந்த மாசத்துக்கு ரெண்டாம் படிதான் தெரியணும்."

"அப்ப விதைக்காதன்னு சொல்றது."

"அது அவ ஒருத்திக்கு மட்டும் சொல்ற பேச்சில்லையே. கல்லுகிட்ட நின்னு சொன்னா மூணு நாட்டுக்கும் சொன்ன மாதிரி. அவ காதுல மட்டும் சொல்லிட்டு அடுத்த வீட்டுக்காரியை விதைக்க விடவா?"

அம்மை தொட்டியின் மூடியைச் சரியாக வைத்தார்.

"மந்திரி கூப்பிட்டு விட்டார்மா. கலங்கல் தண்ணி கொண்டுபோனா, பழைய ஏற்பாட்டை யாரும் மதிக்க மாட்டாங்க, தங்க புல்லைக் காப்பாத்த எங்க மாடு கீழ இறங்கற வழியை இடைநாட்டார் அன்னைக்கே முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சிடுவாங்கன்னார். மலையில புல்லெல்லாம் கருகிக் கிடக்கு. முப்பதாயிரம் மாடு. வழியை அடைச்சா நின்ன இடத்துல சாகும்."

"அடைப்பாங்களா?"

"அடைப்பாங்க. எங்க தாத்தா காலத்துல அடைச்சிருக்காங்க. மந்திரி பொய் சொல்லல. அதுதாம்மா தூக்கம் வரமாட்டேங்குது. பொய் சொல்லியிருந்தா ஒரு மாதிரி இருக்கும். நெசத்தைச் சொன்னா எங்க மாடு சாகும். தெளிஞ்ச தண்ணியை ஊத்துனா கடைநாட்டுல விதை சாகும், அப்புறம் ஆள் சாகும். நான் எந்தப் பக்கம் நிக்கட்டும்?"

சேந்தனுக்கு வந்தது அழுகை இல்லை, அலுப்பு. இருபத்தாறு வருஷமாக ஒரு மடையைத் திறந்து அடைத்து, திறந்து அடைத்து, கடைசியில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறோமே என்ற அலுப்பு.

அம்மை எழுந்து பந்தலைக் கூட்ட ஆரம்பித்தார். கூட்டிக்கொண்டே இருந்தார். சேந்தனுக்குப் பழக்கம்தான். கேள்வி கேட்டால் உடனே பதில் வராது.

கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான்.

"மத்த ரெண்டு குடக்காரரும் வந்துட்டாங்களா?"

"காலையிலயே வந்தாங்க. கொற்றனும் வந்தார், கடம்பனும் வந்தார். இங்கதான் உக்காந்திருந்தாங்க."

கொற்றன் இடைநாட்டுக் குடக்காரன். கடம்பன் கடைநாட்டுக்காரன், பெரிய மீசை வைத்தவன்.

"அவங்க நாட்டுல எப்படிம்மா? தண்ணி இருக்கா?"

அம்மை துடைப்பத்தை நிறுத்தினார்.

"உங்க நாட்டுல எப்படின்னு அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம்மா."

"அவங்களும் அதையேதான் சொன்னாங்க."

மறுபடி கூட்ட ஆரம்பித்தார்.

சேந்தன் அப்படியே உட்கார்ந்திருந்தான். நல்ல தண்ணீர் உள்ளவன் எதற்கு வேண்டாம் என்று சொல்லப்போகிறான்? ஊர் முழுக்கச் சொல்லச் சொல்வானே. அப்படியானால் இடைநாட்டிலும் இல்லை. கடைநாட்டிலும் இல்லை. மூன்று பேரும் அரண்மனைத் தண்ணீரைத் தலையில் வைத்துக்கொண்டு, அடுத்தவனிடம் இருக்கிறது, நம்மிடம்தான் இல்லை என்று பயந்துகொண்டு நடந்து வந்திருக்கிறோம். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் தெம்பில்லை.

"வழியில என்ன குடிச்சீங்க?" என்று கேட்டார் அம்மை.

"இது." இடுப்பில் தொங்கிய சுரைக்குடுவையைக் காட்டினான். "எங்க ஊர்க் கிணத்துத் தண்ணி."

"குடுங்க."

"அது வேண்டாம்மா. அடிச்சேறு."

"குடுங்க பெரியவரே."

அம்மை குடுவையை வாங்கிச் சாய்த்தார். ஒரு வாய். இரண்டு வாய். மூன்று வாய். எண்ணி மூன்று வாய் குடித்துவிட்டுக் குடுவையை மூடிக் கொடுத்தார். உதட்டில் செம்மண் ஒட்டியிருந்தது. துடைக்கவில்லை.

சேந்தன் தலையைக் குனிந்துகொண்டான். பதினேழு தடவை குடம் சுமந்திருக்கிறான். அவன் நாட்டுத் தண்ணீரை ஒருவர் குடித்து அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தொட்டிக்குத் தண்ணி வேணும்" என்றார் அம்மை.

சேந்தன் தண்ணீர் மொள்ளும் சிரட்டையைத் தேடினான். "ஊத்துல ஊறியிருக்குமா?"

"பொழுது சாய்ஞ்சாத்தான் ஊறும்."

"அப்ப நான் எங்க போய் மொள்ள?"

அம்மை குடத்தைப் பார்த்தார். அரக்கு வைத்த முத்திரை, மஞ்சள் பட்டு, கழுத்தில் வாடிப்போன மாலை. பார்த்துவிட்டு இடைச்சியின் குழந்தைக்கு விசிறப் போய்விட்டார்.

சேந்தன் வெகுநேரம் அந்தக் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முத்திரையை உடைத்தால் காவல் வேலை போகும். அது போகட்டும், வயசாகிவிட்டது. மாடுதான் மனசை அறுத்தது. தலைநாட்டு மாடுகளில் பாதிக்கு அவனுக்குப் பெயர் தெரியும். தண்ணீர் குடிக்க ஏரிக்கு வரும்போது பார்த்துப் பார்த்துப் பழகியவை. அவற்றை நினைத்தான். துணி முடிச்சை நினைத்தான். நினைத்து நினைத்துச் சலித்துப்போய், முத்திரையைக் கல்லால் தட்டினான்.

வெட்டிவேர் வாசனை பந்தல் முழுக்க வந்தது. குடத்தைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தான். அம்மை ஒரு பட்டை மொண்டு இடைச்சியிடம் கொடுத்தார். அவள் மடமடவென்று குடித்தாள். குடித்து முடித்துவிட்டு, "என்னமோ வாசனை அடிக்குது, தண்ணி மாதிரியே இல்ல" என்றாள். ஆனாலும் இன்னொரு பட்டை கேட்டாள்.

சேந்தன் சுரைக்குடுவையைத் திறந்து வெறுங்குடத்தில் ஊற்றினான். அடியில் நாலு விரற்கடை கூட நிற்கவில்லை.

"அம்மா, இப்ப சொல்லிடுங்க. என் குடத்துல என்ன இருக்குன்னு அவங்ககிட்டச் சொல்லிடுங்க."

"அவங்க போயாச்சே. நீங்களே சொல்லுங்க, கல்லு கிட்டத்தானே இருக்கு."

வெயில் தாழ்ந்த நேரம். கல்லைச் சுற்றி மூன்று நாட்டு ஜனங்களும் நின்றார்கள். மேளம் அடித்தார்கள். தலைநாடு மேட்டு நாடு என்பதால் முதலில் சேந்தன் குடம். அவன் குடத்தைச் சாய்த்துக் கிண்ணத்தில் ஊற்றினான். செம்மண் குழம்பு மாதிரி விழுந்தது.

மேளம் நின்றுவிட்டது.

"இது எங்க ஊர்க் கிணத்துத் தண்ணி. இதுதான் இருக்கு. ஏரியில ஏழாம் படி தெரியுது. ஆடியில ஆத்துல தண்ணி வராது" என்றான் சேந்தன். சத்தமாகப் பேச முடியவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

கொற்றன் கிண்ணத்தை எடுத்து மூன்று வாய் குடித்தான். கடம்பனும் குடித்தான். மீசையில் மண் ஒட்டியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடுத்தது கொற்றன் முறை. அவன் தன் குடத்தைத் தூக்கினான். பட்டு, அரக்கு, மாலை எல்லாம் அதிலும் இருந்தது. தூக்கிய குடத்தைக் கொஞ்ச நேரம் மார்போடு வைத்துக்கொண்டு நின்றான். பிறகு விட்டுவிட்டான். குடம் கல்லில் விழுந்து உடைந்தது. பச்சைக் கற்பூரம் மணத்தது.

"கை வழுக்கிருச்சு" என்றான் கொற்றன். "கொஞ்சம் பொறுங்க. எங்க மேட்டுக் கிணறு பக்கத்துலதான் இருக்கு. வேற குடம் கொண்டாறேன்."

ஒரு நாழிகையில் கொண்டுவந்தான். சாணி மெழுகிய பழைய குடம். சேந்தன் ஒரு வாய் குடித்தான். உப்பு, நாக்கைச் சுருட்டியது. மிச்ச இரண்டு வாயும் குடித்தான்.

கடம்பன் இரண்டு பேரையும் பார்த்தான். பின்னால் நின்ற தன் நாட்டு அதிகாரிகளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு முத்திரையை உடைத்து ஊற்றினான். தெளிந்த தண்ணீர், அடியில் கிண்ணத்தின் பூவேலைகூடத் தெரிந்தது.  சேந்தன் மூன்று வாய் குடித்தான். இனிப்பாகத்தான் இருந்தது. யாரும் பரிசைப் பற்றிப் பேசவில்லை.

மருதி முன்வரிசையில் நின்றாள். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. சேந்தன் குடத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் போனான். துணி முடிச்சை நீட்டினான்.

"விதைக்காதே தாயி."

அவள் முடிச்சை வாங்கவில்லை. குடத்துக்குள் கையை விட்டு, அடியில் கிடந்ததை ஒரு கை அள்ளி, வாயில் விட்டுக்கொண்டாள். விழுங்க நேரம் ஆயிற்று.

"இதையா குடிக்கிறீங்க?"

"ஆமா."

"வரகு போடலாமா?"

"போடு. நெல்லு வேண்டாம். விதைநெல்லைப் பத்திரமா வை."

அவள் முடிச்சை வாங்கிக்கொண்டாள். அப்பா என்று கூப்பிடவில்லை. போய்விட்டாள். அவள் பின்னால் அவள் ஊர்க்காரர்கள் போனார்கள். வரகு விதை யாரிடம் இருக்கிறது என்று பேசிக்கொண்டே போனார்கள்.

மந்திரி சொன்னது நடந்தது. இடைநாட்டார் மறுநாளே முள் வெட்டிப் போட்டு மாட்டு வழியை அடைத்தார்கள். பதினோரு நாள். இருநூறு மாடுகளுக்கு மேல் எல்லையில் செத்தன. பன்னிரண்டாம் நாள் அவர்களே திறந்தார்கள். அவர்கள் மாட்டுக்கும் புல் இல்லை, அவையும் அந்த வழியாகத்தான் கடற்கரைக்குப் போயாக வேண்டும். உடைந்த குடத்துக்குப் பிறகு அதை எப்படி மறைப்பது? கடைநாட்டார் விதைக்காமல் போட்ட வயல்களில் இரண்டு நாட்டு மாடுகளையும் கிடை போடச் சொன்னார்கள். சாணம் கிடைக்கும், அடுத்த வருஷத்துக்கு ஆகும். பழைய வைக்கோல் இருந்தது, கொடுத்தார்கள். ஆனால் கடைநாட்டுக்கு விதையோ தானியமோ எந்த நாட்டிலிருந்தும் வரவில்லை. அவர்கள் குடம்தான் தெளிவாக இருந்ததே.

சேந்தனின் காவல் கோலை வாங்கிக்கொண்டார்கள். செத்த மாடுகளின் சொந்தக்காரர்கள் அவன் வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரி இறைத்தார்கள். அவன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அவர்கள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பிறகு பந்தலுக்கு வந்துவிட்டான். தொட்டி கழுவினான், ஊற்றில் உட்கார்ந்து சிரட்டை சிரட்டையாக மொண்டான்.

மார்கழியில் உப்பு விற்கிறவர் வந்தார். ஒரு சின்ன மூட்டையை இறக்கினார்.

"வரகு. உங்க மக குடுத்தா."

"என்ன சொல்லிக் குடுத்தா?"

"என்ன சொல்லுவா? எங்கப்பாகிட்ட குடுங்கன்னா."

சேந்தன் மூட்டையை அவிழ்க்காமல் ரொம்ப நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தான். அன்று பந்தலில் வரகுக் கஞ்சி. அம்மை குடித்தார், வழிப்போக்கர்கள் குடித்தார்கள். சேந்தன் கடைசியில் குடித்தான். குடித்துவிட்டு, பல மாதமாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டான்.

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாலயும் நாங்க மூணு பேரும் இப்படித்தான் வந்தோம், இல்லையாம்மா?"

"வந்தீங்க."

"ஆளுக்கு ஒருதரம் கேட்டோமா? அடுத்தவன் நாட்டுல தண்ணி இருக்கான்னு?"

"கேட்டீங்க."

"நம்ம சங்கதியைச் சொல்ல வேண்டாம்னும் சொன்னோமா?"

"மூணு பேரும் சொன்னீங்க."

சேந்தன் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தான்.

"நீங்க சொல்லியிருக்கலாமேம்மா. ஒரு வார்த்தை. என் பேரன் இருந்திருப்பானே."

 அம்மையின் முகம் அன்றைக்கு அவன் குடுவையைக் குடித்தபோது இருந்த மாதிரியே இருந்தது.

"சொல்லியிருக்கலாம்" என்றார். "சொல்லியிருந்தா அப்புறம் ஒருத்தரும் இங்க வந்து குடத்தை இறக்கி வைக்க மாட்டீங்கன்னு நினைச்சேன். அது சரிதான்னு இன்னைக்கும் தோணுது. ஆனா அந்த மாசியில இந்தப் பந்தலுக்குப் பின்னால எட்டுப் பேரை நான் புதைச்சேன் பெரியவரே. அன்னையிலருந்து தினம் கூட்டும்போது அதைத்தான் நினைக்கிறேன்."

"இந்த வருஷமும் நீங்க சொல்லலையே."

"சொல்லல. குடத்தைப் பார்த்தேன்."

"என் குடத்தை."

"மூணு குடத்தையும்."

சேந்தனுக்குக் கொற்றன் கல்லின்மேல் குடத்தை மார்போடு வைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. கடம்பன் அதிகாரிகளைத் திரும்பிப் பார்த்ததும் ஞாபகம் வந்தது.

"கடம்பன் அப்படியே தூக்கிட்டுப் போயிட்டானேம்மா."

அம்மை எழுந்து துடைப்பத்தை எடுத்தார்.

"அடுத்த வருஷமும் அவர் இந்த வழியாத்தானே வரணும்."